480 கிராம்: கரியமிலக் கணக்கு எழுதப்போய் ஏசியைப் பிரித்த கதை

பில்களைத் தூக்கிப் போடாத பழக்கம் அப்பாவிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது. ஈபி கார்டு, சிலிண்டர் ரசீது, பெட்ரோல் பங்க் சீட்டு எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் கிடக்கும். 2024 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த டின்னைக் கவிழ்த்துவிட்டு, எங்கள் வீடு ஒரு வருஷத்தில் எவ்வளவு கரியமில வாயுவை விடுகிறது என்று ஒரு கணக்கு போட உட்கார்ந்தேன். திருச்சியில் சொந்த வீடு, நான்கு பேர், ஒரு ஸ்கூட்டர், ஒரு சின்ன கார், 2013-இல் வாங்கிய ஒன்றரை டன் ஏசி. அரை மணி நேர வேலை என்றுதான் நினைத்தேன்.

முதல் பாகம் நிஜமாகவே அரை மணி நேரத்தில் முடிந்தது. ஆறு ஈபி ரீடிங்கையும் கூட்டினால் வருஷத்துக்கு 3,480 யூனிட். ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு கரியமில வாயு என்பதை மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் கணக்கிட்டு வெளியிடுகிறது. சமீப ஆண்டுகளில் அது சுமார் 0.72 கிலோ. ஆக 2,506 கிலோ. சிலிண்டர் எட்டு. ஒன்றில் 14.2 கிலோ கேஸ், ஒரு கிலோ எரிந்தால் ஏறக்குறைய 3 கிலோ கரியமில வாயு. எட்டுக்கும் சேர்த்து 341 கிலோ. பெட்ரோல் ஸ்கூட்டருக்கு 150 லிட்டர், காருக்கு 260 லிட்டர். லிட்டருக்கு 2.3 கிலோ வீதம் 943.

இந்த 2.3-ஐ ஆபீசில் யாரும் நம்பவில்லை. "ஒரு லிட்டர் பெட்ரோலே முக்கால் கிலோதான், அதிலிருந்து எப்படி ரெண்டேகால் கிலோ வரும்?" நியாயமான கேள்விதான். மீதி எடை காற்றிலிருந்து வருகிறது. பெட்ரோலில் இருக்கும் ஒவ்வொரு கார்பனும் எரியும்போது இரண்டு ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு போகிறது. 12 பங்கு எடையுள்ள கார்பன் 44 பங்கு வாயுவாகிவிடும்.

இன்னொருவர், "நம்ம ஊர்லதான் ஆரல்வாய்மொழி பக்கம் இவ்வளவு காற்றாலை சுத்துதே, உனக்கு எதுக்கு நிலக்கரிக் கணக்கு?" என்றார். 2013 டிசம்பர் கடைசியில் தென் மண்டலக் கிரிட்டை, அதாவது மின்கட்டமைப்பை, ராய்ச்சூர்–சோலாப்பூர் லைன் வழியாக மற்ற இந்தியாவோடு இணைத்துவிட்டார்கள். அதன்பிறகு நாடு முழுக்க ஒரே குளம். நம் வாய்க்கால் தண்ணீர் மட்டும் நம் வீட்டுக்கு வருகிறது என்று சொல்லிக்கொள்ள முடியாது. அதனால் நாட்டுக்கான சராசரியையே எடுத்துக்கொண்டேன்.

மொத்தம் 3,790 கிலோ. சாப்பாடு, துணிமணி, கட்டிய வீட்டின் சிமெண்ட் எதையும் சேர்க்கவில்லை. அரிசிக்கும் பாலுக்கும் சரியான எண் கையில் இல்லாமல் ஊகத்தை எழுதினால் நோட்டுதான் அழுக்காகும் என்று விட்டுவிட்டேன்.

மூன்றில் இரண்டு பங்கு மின்சாரம். சரி, அது எங்கே போகிறது என்று பார்க்கத்தான் மீட்டர் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.

டிஜிட்டல் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதன் பக்கத்தில் ஒரு எண் அச்சாகியிருக்கும். எங்கள் மீட்டரில் 3200. அதாவது 3,200 தடவை மினுக்கினால் ஒரு யூனிட். இந்த ஒரு எண் போதும், வீட்டில் எந்தச் சாமான் எவ்வளவு இழுக்கிறது என்று காசு செலவில்லாமல் கண்டுபிடிக்கலாம். இரண்டு மினுக்கலுக்கு நடுவில் எத்தனை நொடி என்று பாருங்கள். 1125-ஐ அந்த நொடியால் வகுத்தால் வாட். வேகமாக மினுக்கினால் ஒரு நிமிஷத்துக்கு எத்தனை என்று எண்ணி 18.75-ஆல் பெருக்குங்கள். உங்கள் மீட்டரில் 1600 என்று போட்டிருந்தால் இரண்டு எண்ணையும் இரட்டிப்பாக்கிக்கொள்ள வேண்டும். கண்ணால் எண்ண முடியாத வேகம் என்றால் போனில் வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம்.

ஃப்ரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஹால் ஃபேனை மட்டும் போட்டு எண்ணலாம் என்று போனால், ஃபேன் போடுவதற்கு முன்பே விளக்கு மினுக்கியது. 28 நொடிக்கு ஒன்று. ஏதோ ஒன்று 40 வாட் தின்றுகொண்டிருக்கிறது. ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்ததில் இன்வெர்ட்டர், டிவிக்குக் கீழே செட்டாப் பாக்ஸ், வைஃபை பெட்டி. மூன்றும் சேர்ந்து வருஷத்துக்கு 350 யூனிட். டிவியை ரிமோட்டில் அணைத்தால் செட்டாப் பாக்ஸும் தூங்கிவிடும் என்று பத்து வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த 40-ஐக் கழித்துவிட்டுப் பார்த்தால், ஹால் ஃபேன் 75 வாட். மூன்று அறையிலும் அதே கதை. ஏசியைப் போட்டு எண்ணினேன்: நிமிஷத்துக்கு 69 மினுக்கல், அதாவது 1,300 வாட்டுக்குக் கொஞ்சம் குறைவு. அட, பரவாயில்லையே, மூன்று ஸ்டார் ஏசி சிக்கனமாகத்தான் ஓடுகிறது என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் ஏன் தப்பு என்பது அடுத்த மாதம்தான் தெரிந்தது.

டின்னில் எந்தக் கூட்டலிலும் சேராத ஒரு சீட்டு மட்டும் மிச்சம் கிடந்தது. 2023 ஏப்ரல் தேதி போட்ட ஏசி சர்வீஸ் பில். "கேஸ் ஃபில்லிங் – 1". அதற்கு முந்தைய வருஷமும் இதே போல ஒன்று. ஒவ்வொரு கோடையிலும் கூலிங் குறையும், யாரையாவது கூப்பிடுவோம், வந்து கேஸ் ஏற்றிவிட்டுப் போவார்கள். ஏசிக்கு வருஷா வருஷம் கேஸ் போட வேண்டும், வண்டிக்கு ஆயில் மாற்றுகிற மாதிரி என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம்.

அப்படி இல்லை. ஏசிக்குள் கேஸ் செலவாகாது, எரியாது. உள்ளேயும் வெளியேயும் சுற்றிச் சுற்றி வரும், அவ்வளவுதான். குறைகிறது என்றால் ஒழுகுகிறது.

மாடிக்குப் போய் அவுட்டோர் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த தகட்டைத் துடைத்துப் படித்தேன். உள்ளே சுற்றும் கேஸின் பெயர் ஆர்-22, அளவு 1.15 கிலோ. ஆர்-22 ஒரு கிலோ காற்றில் கலந்தால், 100 ஆண்டுக் கணக்கில் அது 1,810 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஒரு சிலிண்டர் முழுக்க எரித்தாலும் 43 கிலோதான் வரும். அப்படியானால் வருஷா வருஷம் முழு கேஸும் போய் மறுபடி ஏற்றியிருந்தால் இரண்டு டன். ஸ்கூட்டரும் காரும் சேர்ந்து விடுவதைப் போல இரண்டு மடங்கு, 'கேஸ் ஃபில்லிங் – 1' என்ற ஒற்றை வரியில்.

வீட்டுக் கரியமிலக் கணக்குகளில் இது பெரும்பாலும் இருக்காது. அதற்கு ஒரு காரணம் உண்டு. ஆர்-22 ஓசோனையும் அரிக்கும் என்பதால் அது 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின் கணக்கில் வருகிறது. 1997 கியோட்டோ ஒப்பந்தம் எண்ணச் சொன்ன வாயுக்களின் பட்டியலில் அதைச் சேர்க்கவில்லை. ஒரு பேரேட்டில் எழுதியாயிற்று, இன்னொன்றில் வேண்டாம் என்ற ஏற்பாடு. என் நோட்டில் இரண்டு பேரேடு கிடையாது.

மார்ச் முதல் வாரத்தில் தெரிந்தவர் மூலமாக ஒரு மெக்கானிக் தம்பியைப் பிடித்தேன். போனிலேயே, "கூலிங் இல்லையா சார்? கேஸ் டாப்-அப் பண்ணிடலாம், 2,500" என்றார். டாப்-அப் வேண்டாம், லீக் எங்கே என்று பார்க்க வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. "லீக் பாக்கணும்னா ரெண்டு நாள் ஆகும் சார். நைட்ரஜன் போடணும். எல்லாரும் வேணாம்னு சொல்லிடுவாங்க, அதான் நாங்களும் சொல்றதில்ல" என்றார்.

அவர் வருவதற்கு முந்தின நாளே, கை சும்மா இருக்காமல் நானும் ஒரு சுற்று தேடினேன். ஏசியை ஓடவிட்டு அவுட்டோரில் பார்த்தால் கால் இன்ச் மெல்லிய பைப்பின் நட்டில் வெள்ளையாகப் பனி. அரை இன்ச் பைப் சில்லென்று வியர்த்திருக்க வேண்டும், அது வெதுவெதுப்பாக இருந்தது. இரண்டும் கேஸ் குறைவுக்கு அடையாளம். மீட்டரில் 1,300 வாட் மட்டும் காட்டியதும் இதனால்தான். கம்ப்ரஸருக்கு அமுக்குவதற்கு ஆளில்லை. பாரம் குறைவாக இழுத்தாலும், அறை குளிராததால் இரவு முழுக்க நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. எட்டு மணி நேரத்தில் பத்து யூனிட்.

அரை இன்ச் பைப்பை அவுட்டோரோடு இணைக்கும் ஃப்ளேர் நட்டைச் சுற்றி ஒரு கறுப்புத் திட்டு. விரலால் தொட்டால் பிசுபிசுப்பு. கேஸோடு கம்ப்ரஸர் ஆயிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து, அதில் மூன்று வருஷத் தூசி ஒட்டியிருந்தது. பாத்திரம் விளக்குகிற சோப்பைத் தண்ணீரில் கரைத்து ஸ்பாஞ்சால் தடவினேன். ஒன்றும் இல்லை.

மறுநாள் தம்பி வந்து இதைக் கேட்டதும் சிரித்தார். "ஓடும்போது தடவுனீங்களா? ஓடும்போது இந்தப் பக்கம் பிரஷர் கம்மி சார். ஆஃப் பண்ணி அரை மணி நேரம் விடுங்க." அவர் பிரஷர் காட்டும் கேஜை மாட்டிக் காட்டியபோது புரிந்தது. ஓடுகையில் முள் 40-இல் கிடந்தது. நல்ல நிலையில் 65 பி.எஸ்.ஐ. வாக்கில் இருக்க வேண்டுமாம். நிறுத்திய கொஞ்ச நேரத்தில் இரண்டு பக்கமும் சமமாகி முள் 150-ஐத் தாண்டியது. இப்போது அதே சோப்புத் தண்ணீர், அதே நட்டு. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பத்து நொடி கழித்து நட்டின் அடிப்பக்கம் கடுகு அளவில் ஒரு குமிழ். அது உடையவில்லை, மெல்ல மெல்ல உளுந்து அளவுக்கு வளர்ந்தது. பக்கத்தில் இன்னொன்று. சத்தமும் இல்லை, வாடையும் இல்லை. இப்படித்தான் வருஷம் முழுக்க இரவும் பகலும் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

நட்டைக் கழற்ற வேண்டும் என்றால் உள்ளே இருக்கும் மிச்ச கேஸ்? "விட்டுட்டுப் புதுசா போட்டுக்கலாம் சார்" என்றார், ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டே. நான் பதறிவிட்டேன். வேறு வழி இல்லையா என்றால், இருக்கிறது, பம்ப் டவுன். ஏசியை ஓடவிட்டு, மெல்லிய பைப்பின் வால்வை ஆலன் கீயால் மூட வேண்டும். கம்ப்ரஸர் வீட்டுக்குள் இருக்கும் கேஸையெல்லாம் இழுத்து அவுட்டோர் காயிலில் அடைத்துவிடும். முள் இறங்கி 0-ஐ நெருங்கும்போது தடித்த பைப்பின் வால்வையும் மூடிவிட்டு உடனே ஆஃப். முள்ளை 0-க்குக் கீழே போகவிடக் கூடாது. கசிவு வழியாக வெளிக்காற்றை உறிஞ்சிக்கொள்ளும். மொத்தமே மூன்று நிமிஷ வேலை. ஏசியை இடம் மாற்றும்போது எல்லா மெக்கானிக்கும் செய்வதுதான். ரிப்பேருக்கு மட்டும் ஏன் செய்வதில்லை என்றால், கேஸுக்கான காசு எப்படியும் கஸ்டமர் தலையில்தானே.

நட்டைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. பைப்பின் முனையைப் பூ மாதிரி விரித்திருக்கும் இடத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். எப்போதோ யாரோ லீக்கை நிறுத்துவதாக நினைத்து இன்னும் முறுக்கி, செம்பைக் கிழித்துவிட்டார்கள். தம்பி அந்த முனையை வெட்டி எறிந்துவிட்டு, பிசிறைச் சுரண்டி, நட்டை மறக்காமல் முதலில் கோர்த்து (மறந்தால் மறுபடி வெட்ட வேண்டும், ஒரு தடவை மறந்தார்), ஃப்ளேரிங் டூலில் புதிதாக விரித்தார். மடிப்பின் மேல் ஒரு சொட்டு ஆயில் விட்டு முடுக்கினார்.

இன்னும் எங்காவது ஒழுகுகிறதா என்று பார்க்க, சாயங்காலம் நான்கு மணிக்கு நைட்ரஜன் ஏற்றி 250-இல் நிறுத்தி, கேஜை அப்படியே விட்டுவிட்டுப் போனார். காலை ஆறரைக்குப் போய்ப் பார்த்தால் முள் 240. எனக்கு வயிறு கலங்கியது. இன்னொரு லீக்! உடனே போன். அவர் தூக்கக் கலக்கத்தில், "வெயில் ஏறட்டும் சார், மத்தியானம் பாருங்க" என்று வைத்துவிட்டார். நேற்று நான்கு மணிக்கு மாடியில் 36 டிகிரி இருந்திருக்கும், விடிகாலை 25. காற்று சுருங்கினால் முள்ளும் இறங்கத்தான் செய்யும். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், கேஜ் முன்னால் நிற்கும்போது ஞாபகம் வரவில்லை. மூன்று மணிக்கு முள் தானாக 250-க்கு வந்து நின்றது.

பிறகு வேக்யூம் பம்ப், நாற்பது நிமிஷம். இதையும் பலர் செய்வதில்லை. பைப்பில் இருக்கும் காற்றை விரட்ட கொஞ்சம் கேஸையே 'புஸ்' என்று விடுவார்கள். அந்தப் 'புஸ்'ஸும் ஆர்-22தான்.

கடைசியில், வால்வுகளைத் திறந்துவிட்டு மிச்சத்தை ஏற்ற வேண்டும். எவ்வளவு ஏறுகிறது என்று எடை போட வேண்டும் என்று சொன்னதும், "பிரஷர் பாத்துப் போடுவோம் சார், எடையெல்லாம் யாரும் பாக்கறதில்ல" என்றார். சமையலறையிலிருந்து மாவு எடை போடும் தராசை எடுத்து வந்தேன். "ஏங்க, அதுல நாளைக்கு கேக்குக்கு மாவு நிறுக்கணும்" என்று பின்னாலேயே குரல் வந்தது. அடியில் நியூஸ் பேப்பர் போட்டு அவருடைய சின்ன சிலிண்டரை வைத்தோம். ஆரம்பத்தில் 4 கிலோ 215 கிராம். முள் 65-க்கு வந்து நின்றபோது 3 கிலோ 735.

480 கிராம். 2023 ஏப்ரலிலிருந்து பதினோரு மாதத்தில் அந்தக் கடுகுக் குமிழ் வழியாகப் போனது அவ்வளவு. போன தடவை எவ்வளவு போட்டார்கள் என்பது யாருக்கும் தெரியாது என்பதால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். 1,810-ஆல் பெருக்கினால் 869 கிலோ. நான் பயந்த இரண்டு டன்னில் பாதிகூட இல்லை. ஆனாலும் இரண்டு வண்டிகளின் ஒரு வருஷப் பெட்ரோலுக்கு ஏறக்குறைய ஈடு. மொத்தச் செலவு 3,800 ரூபாய்.

அன்று இரவு மீட்டரில் நிமிஷத்துக்கு 88 மினுக்கல், 1,650 வாட். கூடியிருக்கிறது! ஆனால் இருபது நிமிஷத்தில் கம்ப்ரஸர் 'டக்' என்று நின்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை வருஷம் ஆகியிருந்தது. பத்து யூனிட் தின்ற இரவு இப்போது ஆறரை.

மற்ற வேலைகளில் சொல்வதற்கு அவ்வளவு கதை இல்லை. மூன்று ஃபேனையும் பிஎல்டிசிக்கு, அதாவது பிரஷ் இல்லாத சிக்கன மோட்டார் ஃபேனுக்கு மாற்றினேன். 75 வாட் 28 ஆனது. பழைய பெட்டி ரெகுலேட்டரைக் கழற்றிவிட வேண்டும், இதற்கு ரிமோட்தான். அம்மா இன்னும் ரெகுலேட்டர் இருந்த இடத்தில் கையை வைத்துத் தடவுகிறார். ஃப்ரிட்ஜை சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளிவைத்து, பின்னால் ஒட்டடை அடித்து, கதவு ரப்பரை வெந்நீர்த் துணியால் துடைத்ததில் நாளைக்கு 1.6 யூனிட் 1.3-ஆனது. இதை பிளக்கில் மாட்டும் சின்ன மீட்டரில் அளந்தேன். ஃப்ரிட்ஜ் நின்று நின்று ஓடுவதால் மினுக்கல் எண்ணுவது சரிப்படாது. செட்டாப் பாக்ஸுக்கு இரவில் சுவிட்ச் ஆஃப். இன்வெர்ட்டரில் கை வைக்கவில்லை.

தோற்றது இண்டக்‌ஷன் அடுப்பு. கேஸை விட்டு மின்சாரத்துக்கு மாறினால் நல்லது என்று ஆசையாக வாங்கியது. ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க பிளக் மீட்டர் 0.10 யூனிட் காட்டியது, அதாவது 72 கிராம் கரியமில வாயு. கேஸ் அடுப்பில் பாதிச் சூடு பாத்திரத்தைச் சுற்றி வீணாய்ப் போனாலும், கணக்குப்படி பன்னிரண்டு, பதின்மூன்று கிராம் கேஸ், அதாவது 36, 40 கிராம் கரியமில வாயு. நிலக்கரியை எங்கோ எரித்து, அந்தச் சூட்டில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் மின்சாரமாக்கி, கம்பியில் கொண்டுவந்து மறுபடி சூடாக்கினால் இப்படித்தான் வரும். மொட்டைமாடியில் சோலார் போட்டால் பகல் சமையலுக்கு இந்தக் கணக்கு தலைகீழாகும். அதுவரை அந்த அடுப்பு பரணில்.

2025 மார்ச்சில் மறுபடி டின்னைக் கவிழ்த்தேன். மினுக்கலை வைத்துப் போட்ட கணக்குப்படி 1,000 யூனிட் குறைந்திருக்க வேண்டும். 690-தான் குறைந்தது. மகள் பத்தாம் வகுப்பு, விடிய விடிய லைட்டும் ஏசியும் ஓடியதை நான் முன்கூட்டிச் சேர்க்கவில்லை. ஏசி நன்றாகக் குளிர ஆரம்பித்ததும் எல்லோரும் அதே அறைக்கு வந்ததும் ஒரு காரணம். 2,790 யூனிட், 2,009 கிலோ. மின்சாரத்தில் மிச்சம் 497 கிலோ. கோடை பில்லைத் தவிர மற்றதெல்லாம் 500 யூனிட் ஸ்லாபுக்குள் அடங்கியது. பெட்ரோல் அப்படியே. ஆபீஸ் இருக்கும் இடத்தை நான் நகர்த்த முடியாது.

ஆக, அந்த ஒரு நட்டு, மூன்று ஃபேனும் ஃப்ரிட்ஜும் செட்டாப் பாக்ஸும் சேர்ந்து செய்ததைவிட அதிகம் செய்திருக்கிறது. மறுபடி ஒழுகுகிறதா என்று கேஜ் மாட்டிப் பார்க்கவில்லை. "அடிக்கடி கேஜ் மாட்டுனாலே கொஞ்சம் கேஸ் போகும் சார்" என்று தம்பி எச்சரித்திருந்தார். சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன், ஆஃப் பண்ணி அரை மணி நேரம் விட்டுத்தான். குமிழ் இல்லை. மினுக்கல் 88.

போன வாரம் பழைய இரும்பு எடுக்க வந்தவர் மாடியைப் பார்த்துவிட்டு, அந்த அவுட்டோரைக் கொடுக்கிறீர்களா, நல்ல விலை போகும், உள்ளே முழுக்கச் செம்பு என்று கேட்டார். அதற்குள் இருக்கும் கேஸை என்ன செய்வீர்கள் என்றேன். இடுப்பிலிருந்த கட்டிங் பிளேயரை எடுத்து, பைப்பை நறுக்குவது மாதிரி காற்றில் ஒரு தடவை அமுக்கிக் காட்டினார். 1.15 கிலோ, இரண்டு டன். இன்னும் இரண்டு மூன்று கோடைதான் அந்த மிஷினுக்கு. கழற்றுகிற அன்று கேஸை சிலிண்டரில் பிடித்து எடுத்துக்கொள்ள மெக்கானிக் தம்பியிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன். தகட்டுக்குப் பக்கத்தில் அவருடைய நம்பரையும் மார்க்கரால் பெரிதாக எழுதியாயிற்று.